வலது பக்கச் சட்டைப்பை

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. தங்கையை உனக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து 'நீங்கள்' என்றே எழுதிவந்தேன். இந்தக் கடிதத்தில் அந்த மரியாதையை எதிர்பார்க்காதே. போனை நீ எடுப்பதில்லை. பத்திரிகை வண்டி ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை இதழ் வந்தது. முதல் பக்கத்தில், பள்ளிக்கூடச் சுவரோரம் இறந்துகிடக்கும் இளைஞன். குண்டு விழுந்துகொண்டிருந்தபோது மண்ணில் முழங்கை ஊன்றி நான் எடுத்த படம். அவன் சட்டைப்பை வலது பக்கம் இருக்கிறது. எந்தத் தையல்காரன் ஆண்பிள்ளைச் சட்டைக்கு வலது பக்கம் பை வைக்கிறான்? படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறாய்.

காரணம் தெரியும். "முகம் பக்கத்துக்கு உள்ளே பாக்கணும் மச்சான், வெளியே பாத்தா வாசகன் கண்ணும் வெளியே போயிடும்" என்று ஏசி அறையில் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு எனக்கே பாடம் எடுத்தவனல்லவா நீ!

நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் மகன் சண்டை தொடங்கியதும் காணாமல் போனவன். நான் அவனைப் பார்த்ததில்லை. அந்த அம்மா பத்திரிகையைச் சன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "எம்புள்ளை ஜாடைதான். ஆனா அவனுக்குத் தழும்பு இடது புருவத்துல. இவனுக்கு வலதுல இருக்கு. யாரு பெத்த புள்ளையோ, பாவம்" என்று சொல்லி, எனக்கு இன்னொரு முறை டீ ஊற்றினார்.

நடந்ததைச் சொன்னேன். கேமராவை நீட்டினேன். தட்டிவிட்டார். "அந்த மெஷின்ல நீ என்ன வேணா காட்டுவே. பேப்பர்ல பொய்யா போடுவாங்க? எம்புள்ளையைச் சாகடிக்க உனக்கென்ன அவ்வளவு அவசரம்?" என்றார். எத்தனையோ ராணுவக்காரர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் இறக்காத கேமராவை இப்போது பைக்குள் வைத்து மூடினேன்.

உறவுக்காரர் வந்து அடையாளம் காட்டினால்தான் பிணவறையில் உடலைத் தருவார்கள். யாரும் கேட்காத உடல்களை ஞாயிற்றுக்கிழமை ஒரே குழியில் போட்டு மூடிவிடுவார்கள். அதன்பிறகு அந்த அம்மா ஆயுசுக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் பெயரைப் பொடி எழுத்தில் போட்டதையும், என் படத்துக்குக் கிடைத்த பரிசை மேடையேறி நீ வாங்கியதையும் மறக்கவில்லை. அதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

தங்கைக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். மருமகன் தினமும் பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.

மாப்பிள்ளை, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தவறு நம்முடையது என்று எழுதி, அதே முதல் பக்கத்தில், அதே அளவில், படத்தை எடுத்தபடியே போடுங்கள். அவன் முகம் பக்கத்துக்கு வெளியே பார்க்கட்டும். அவன் அம்மா அங்கேதான் இருக்கிறார்.

உங்கள் மச்சான்