டீசல் எஞ்சினுக்கு வைத்தியம்

8 ஜூன் 2025, ஞாயிறு
கார் ஷோரூமுக்குப் போனேன். சிவசங்கரி என்று ஒரு பெண் வண்டியைக் காட்டினாள். பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல், ஒரே வண்டிக்கு மூன்று எஞ்சின். டர்போ என்றால் என்னம்மா என்றேன்.

"வெளிய போற புகையே ஒரு விசிறியைச் சுத்தும் சார். அது எஞ்சினுக்குள்ள காத்தைத் தள்ளும்."

அட, நம்ம செராமிக் சூளைக்குக் காற்று ஊதுகிற புளோயர்! இருபத்தாறு வருஷமாக அதன் பக்கத்தில்தானே வேகிறேன். டீசலிலும் அது உண்டாம். நூற்றுப் பதினைந்து குதிரை சக்தி என்றாள். "இத்தனை குதிரைக்கும் தண்ணி காட்டுறது யாரும்மா?" பாவம், சிரித்தாள்.

வீடு வந்ததும் அசதி. மனைவி பூங்கோதைக்கு மார்பில் புற்றுக்கட்டி எடுத்து ஒரு வருஷம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுச்சேரி போய் டாக்டரிடம் காட்டணும். இரண்டு தடவை போகவில்லை. பஸ்ஸில் குமட்டுதாம். கார் வாங்கி அந்தச் சாக்கை எடுத்துவிடுகிறேன், பார்க்கலாம்.

11 ஜூன்
மகள் இளமதி போனில்: "அப்பா, பெட்ரோலே போதும். ஊருக்குள்ளதான ஓடப்போவுது?"

"உங்கம்மாவ ஏத்திக்கிட்டு நூறு கிலோமீட்டர் போவணும். டீசல்தான் இழுக்கும்."



3 ஜூலை
வண்டி வந்தது. டீசல். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பழமலைநாதர் கோயில் வரைக்கும் ஓட்டினேன். பூங்கோதையும் வந்தாள். சத்தம் அதிகமா என்றேன். "உங்க கொறட்டைக்கு இது தேவலாம்."

17 ஜூலை, வியாழன்
புதுச்சேரி டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் பார்ப்பார். குளித்துச் சட்டை மாட்டி நின்றேன். "இன்னிக்கு வேணாங்க" என்றாள் பூங்கோதை.

31 ஜூலை, வியாழன்
வேணாங்க.

2 செப்டம்பர்
வீட்டிலிருந்து சூளை, சூளையிலிருந்து மார்க்கெட். கார் இதுவரை ஊர் எல்லையைத் தாண்டவில்லை. இன்று ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. மிதித்தாலும் இழுவை இல்லை. மெக்கானிக் ஜாபர் பாயிடம் விட்டேன்.

"டீசல வாங்கி டவுனுக்குள்ளயே உருட்டுனா இப்படித்தான்ணே. பொகை போற வழியில ஃபில்டர் இருக்குது, கரி அடைச்சிக்கிச்சு. நல்லா சூடேறுனாத்தான் அது எரியும். அறுபது எழுபதுல நிறுத்தாம அரை மணி நேரம் ஓட்டுங்க."

சூடு பத்தாவிட்டால் சரக்கு கறுத்துப்போகும் என்று சூளையில் எல்லாரையும் விரட்டுகிறவன் நான். எனக்கே பாடம்! இளமதி சொன்னபடி பெட்ரோல் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தூரம் போக என்று வாங்கினேன். தூரம் போகவில்லை. வண்டியைச் சொல்லி என்ன?

7 செப்டம்பர், ஞாயிறு
பூங்கோதையிடம் உள்ளபடி சொன்னேன். "ஒனக்காக இல்ல. எஞ்சினுக்கு வைத்தியம். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு ஓட்டு ஓட்டிட்டுத் திரும்பிடலாம்."

"புதுச்சேரி பக்கம் திருப்புனீங்க, குதிச்சிடுவேன்."

"எழுவதுல போறப்ப குதிச்சா குதிரையெல்லாம் மிரண்டுடும்டி."

நாலு வழிச்சாலையில் எழுபதில் போனோம். வண்டி நன்றாக இழுத்தது. சிரித்துக்கொண்டே வந்தவள், ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "கொமட்டல்லாம் இல்லிங்க. திரும்ப வந்துடுச்சின்னு டாக்டரு சொல்லிட்டா என்னா பண்றது?"

பஸ்ஸு பஸ்ஸுன்னு இத்தனை நாளா... எனக்கு ஏன் தெரியல? எதுக்கெடுத்தாலும் கிண்டல் பண்ற ஆளுகிட்ட எப்படிச் சொல்லுவா? ஓட்டிக்கொண்டே இருந்தேன். விழுப்புரம் நெருங்கும்போது மஞ்சள் விளக்கு அணைந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். சொன்னபடி வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

9 செப்டம்பர்
காலையில் தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். "அந்த பாய் அடிக்கடி அப்படி ஓட்டணும்னாரா?"

"மாசத்துக்கு ரெண்டு தடவையாச்சும்."

"அப்ப வியாழக்கெழமையா வச்சிக்குங்க."

ஏன் வியாழன் என்று நான் கேட்கவில்லை. என் வாயை எனக்கே நம்ப முடியவில்லை.

11 செப்டம்பர், வியாழன்
மணி ஐந்தரை. நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை. வெளியே அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடிக்கிறாள்.