மாதிரிக் காய்

ஜூன் 3

இல்லை, ஆசை என்று மட்டும் சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்த்துத்தான் இறங்கினேன். டெலிகிராம் குழுவில் அனுப்பிரியா மேடம் சொன்ன கிரிப்டோ செயலியில் ஐயாயிரம் போட்டேன். பத்தாம் நாள் எண்ணூறு ரூபாய் லாபத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். வங்கிக்கு வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையிலும் அப்படித்தானே? மூட்டையை வாங்குமுன் ஒரு கை மாதிரிக் காய் எடுத்து நசுக்கி முகர்வார்கள். நான் எண்ணூறை முகர்ந்தேன். வாசம் இருந்தது.

விலை ஏறட்டும் என்று அப்பா வைத்திருந்த மூன்று மூட்டைக் காயை விற்கச் சொன்னேன். விற்றார். எல்லாவற்றையும் போட்டேன்.

ஜூன் 12

திரையில் இரண்டு மடங்கு. அப்பா இப்போதெல்லாம் ஏல விலையே கேட்பதில்லை. "ஒங் காசு இன்னைக்கி என்ன வெல ஆத்தா?" என்கிறார், பல் துலக்கிக்கொண்டே.

ஜூன் 19

பணத்தை எடுக்க முடியவில்லை. கணக்குப் பூட்டப்பட்டுள்ளது என்று வருகிறது. வரியாக ஒரு லட்சம் கட்ட வேண்டுமாம். இல்லையென்றால் புதிதாக ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் திறக்குமாம். 'உங்களை நம்புகிற ஒருவர் போதும் தங்கம்' என்று மேடம் எழுதியிருக்கிறார்.

ஜூன் 20

என்னை நம்புகிற ஒருவர்.

ஜூன் 23

கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் பொன்னுமணி அக்காவிடம் எண்ணூறு வந்த குறுஞ்செய்தியைக் காட்டினேன். பூட்டைக் காட்டவில்லை. "நீ படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாததா? சங்கிலிய அடகு வச்சுட்டு நாளைக்கே வர்றேன்."

ஏன் காட்டினேன்? ஏன் —

ஜூன் 24

காலையில் மலையிலிருந்து ஜீப்பில் லோடு வந்தது. விற்க வந்தவர் பையிலிருந்து ஒரு கை காயை நீட்டினார். நல்ல பச்சை. எங்கள் கடைக்குக் காய் பார்த்து வாங்கும் பாண்டியராஜ் அண்ணன் அதைத் தொடவே இல்லை. மூட்டையின் நடுவில் கையை முழங்கை வரை விட்டு அள்ளினார். சொத்தை. "நீங்களே எடுத்துக் குடுத்தா அதுக்குப் பேரு மாதிரியாண்ணே? எம் மாமியாகூடப் பொண்ணு பாக்கப் போன அன்னைக்கி மட்டும் இப்படித்தான் நல்ல காப்பியா குடுத்துச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த எண்ணூறு நான் அள்ளியதில்லை. அவர்கள் நீட்டியது.

மதியம் பொன்னுமணி அக்கா கைக்குட்டையில் பணத்தோடு வந்தார். வேண்டாம் என்றேன்.

"நல்லதுன்னா நீங்க மட்டும் ஒளிச்சுக்கிருவீகளாக்கும், படிச்சவுக."

பூட்டிய திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது நேத்தும் இப்படித்தான இருந்துச்சு?"

"ஆமாக்கா."

கைக்குட்டையை முடிந்துகொண்டு போனார். சாயங்காலம் வரை எதிர் வரிசையில் போய் உட்கார்ந்து பொறுக்கினார்.

ஜூன் 25

அப்பாவிடம் சொன்னேன். "மூணு மூட்டையுமா?" அவ்வளவுதான் கேட்டார்.

ஜூன் 26

அப்பாவும் நானும் தேனி சைபர் கிரைம் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினோம். புகார்ப் படிவத்தில் என்னைச் சேர்த்தது யார் என்று கேட்டிருந்தார்கள். எழுதினேன். நான் யாரைச் சேர்க்கப் பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கடைசி வரியில் அதையும் எழுதி, கையெழுத்துப் போட்டேன்.