பெயர் போட்ட அப்பம்

மார்ச் 2
எர்மோனாகிய நான் இதை என் கையாலேயே எழுதுகிறேன். கயிறு திரிக்கிறவன், எழுபதைத் தாண்டியவன், சிமிர்னா பட்டணத்தில் எழுதத் தெரிந்த கிழவன்! உடைந்த பானை ஓட்டில், கரியால்தான். இருந்தால் என்ன? எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் எங்கள் சபை விதவை சோசிமே. "கயிறு மாதிரியே முறுக்கிக்கிட்டுப் போகுதே, அண்ணே" என்று சிரிக்கிறாள். போகட்டும்.

மார்ச் 6
சபை விருந்து. எல்லார் வீட்டு அப்பமும் ஒரே கூடையில். துணி வியாபாரி ஆந்திமஸ் வீட்டு அப்பத்தில் மட்டும் ஒரு முத்திரை இருக்கும். இத்தனை வருடமாக அதைப் பூ என்று நினைத்திருந்தேன். இன்று படித்துவிட்டேன். அவர் பெயர்! எடுத்தவர்களிடம் எல்லாம் கேட்கிறார், "எப்படிம்மா இருக்கு நம்ம வீட்டு அப்பம்?" அப்புறம் எழுந்து, தர்மம் மறைவாகச் செய்யவேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தார்.

மார்ச் 10
நானும் ஒரு கட்டையில் என் பெயரைச் செதுக்கிவிட்டேன். மெலித்தா சொல்கிறாள், "பேரு போட்டா வாற்கோதுமை கோதுமையாயிடுமா?" என் மனைவிக்குப் பொறாமை.

மார்ச் 13
என் பெயர் வெந்து வந்தது! அந்த அப்பம் சோசிமே கைக்கே போனது. "பாத்தியா தங்கச்சி, நீ சொல்லிக்குடுத்த எழுத்து! எப்படி இருக்கு நம்ம வீட்டு அப்பம்?" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நல்லாருக்கு அண்ணே. நன்றி" என்றாள். பாதியை வைத்துவிட்டாள்.

மார்ச் 20
சோசிமே வரவில்லை.

மார்ச் 23
மெலித்தா போய்ப் பார்த்து வந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு பிடி பயறுகூட இல்லை. "ஆந்திமஸுக்கு நன்றி சொல்லியே வாய் வலிக்குது. இப்ப எர்மோன் அண்ணனும் வந்து நின்னா நான் எப்பதான் சாப்பிடறது?" என்றாளாம்.
நானும் அந்தாளும் ஒண்ணா? — ஒண்ணுதான். அதே கேள்வியத்தானே கேட்டேன், அதே வார்த்தையில!
கட்டையை அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தது.

மார்ச் 25
ஆந்திமஸ் கடைக்குப் போனேன். "தம்பி, அந்த முத்திரைய விட்டுடுங்க."
"பெருமைக்கா போடறேன்? மத்தவங்களுக்கு ஒரு முன்மாதிரியா இருக்கட்டும்னுதான்..."
"அந்த மாதிரியப் பாத்துத்தான் தம்பி நான் கெட்டுப்போனேன்."
அவர் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். நான் நிமிர்ந்து நடந்து வந்தேன்.

மார்ச் 27
மெலித்தா சோசிமேயைக் கையோடு கூட்டிவந்தாள். கூடையில் ஒரு அப்பத்திலும் பெயர் இல்லை! ஆந்திமஸ் தன்னுடையது எது என்று எட்டி எட்டித் தேடிக்கொண்டிருந்தார் பாவம்.
சோசிமே ஒன்றை எடுத்துக் கடித்தாள். "யாரு வீட்டு அப்பம் இது? உப்பை அள்ளிக் கொட்டியிருக்காங்க!" ஒரே சிரிப்பு. மெலித்தா என் தொடையைக் கிள்ளினாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் இப்படி மார்பு விம்மியதில்லை.
குறை சொல்லிக்கொண்டே முழு அப்பத்தையும் தின்று தீர்த்தாள்.
எங்கள் வீட்டு அப்பம்தான். ஓடே, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.