மாடி வீட்டு ஜமீலாவும் வாடகையும்

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

உக்கடத்தில் மேம்பாலம் வந்த பிறகு எங்கள் தெருவில் வாடகை ஏறிவிட்டதாம். காலையில் புரோக்கர் வந்து சொன்னார்.

"ஏனுங்கம்மா, மாடிய இன்னும் பழைய வாடகைக்கே உட்டிருக்கீங்களா? ஆடியில யாரும் ஊடு மாறமாட்டாங்க. இப்பவே சொல்லிப்போடுங்க. ஆவணி பொறந்ததும் புது ஆளக் கூட்டிட்டு வாரேன்."

மாடியில் ஜமீலா பல வருடமாகக் குடியிருக்கிறாள். "ஊட்ட இடிச்சுப்போட்டு மால் கட்டப்போறேன், மூட்டையக் கட்டு" என்று நான் அவளை வம்பிழுக்காத நாளே கிடையாது. "அதுல எனக்கொரு பிரியாணிக் கடை குடுங்கக்கா" என்பாள் அவளும்.

மத்தியானம் மேலே போனேன். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "கண்ணு, அடுத்த மாசத்துல இருந்து வாடகை ஏத்தோணும். கட்டாதுன்னா வேற ஊடு பாத்துக்கோ."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னைக்கு மூஞ்சியக்கூட நல்லா வெச்சிருக்கீங்கக்கா!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீ குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இப்போது நான் வாடகையைச் சொன்னதாகக் கணக்கா, இல்லையா? புரோக்கர் போனில் கேட்டதற்குச் சொல்லிவிட்டேன் என்றுதான் சொன்னேன்.

சாயந்திரம் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு போனவள் படியில் நின்றாள்.

"அக்கா, மத்தியானம் சொன்னீங்களே... எவ்வளவு ஏத்துறீங்க?"

"மால் கட்டுற அளவுக்கு!" வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. துணியோடு மேலே ஏறிப்போனாள்.

மாடியில் இன்னும் விளக்கு எரிகிறது. வாடகையும் வேண்டும், இவளும் வேண்டும். எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்று காலையில் போய்ச் சொன்னால், அதையாவது நம்புவாளா?