சுவரைப் பார்த்த படம்

அன்பு மகளுக்கு,

உன் அண்ணன் மகள் கோமதி பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல். அவள் தம்பி பாளையங்கோட்டையில் ஓடிக் கோப்பை வாங்கினான். உன் மகளைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்களை மீறிக் கட்டிக்கொண்டு நீ அனுப்பிய கல்யாணப் படத்தை உன் அப்பா டிவி மேல் சுவரைப் பார்க்கத் திருப்பியே வைத்திருந்தார். ஞாயிறன்று காமெடி நாடகம் பார்த்து அவர் குலுங்கிச் சிரித்ததில், வேட்டி நுனியைப் பிடித்து விளையாடிய பூனைக்குட்டி மிரண்டு டிவி மேல் தாவி அந்தப் படத்தைத் தள்ளி உடைத்துவிட்டது.

“ஏட்டி, பூனையைத் தூக்கு, கால்ல குத்திரும்” என்று சொல்லி, கண்ணாடிச் சில்லைத் தானே பொறுக்கினார். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுல பேத்தி இல்லியே” என்றார்.

மறுநாளே கண்ணாடி போட்ட பெரிய படச்சட்டம் வாங்கி வந்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெறும் சட்டத்தில் பூனைக்குட்டி தன் முகத்தைப் பார்த்து அடிக்கிறது. அதையும் உடைக்குமுன் நீங்கள் மூவரும் சேர்ந்து எடுத்த புதுப் படம் தபாலில் அனுப்பு.

உன் அம்மா