நெம்மேலித் திருப்பம்

பிப்ரவரி, இரண்டாம் ஞாயிறு.

இந்த சீசனில் இன்று எனக்கு இரண்டாவது சைக்கிள் பந்தயம். போன மாதம் முதல் பந்தயத்தில் நெம்மேலி யூ-டர்னில் விழுந்தேன். இன்று அதே இடம் வந்ததும் என்னை அறியாமல் பிரேக்கை இறுக்கிவிட்டேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் கூட்டம் முன்னால் போய்விட்டது. மிச்ச தூரம் முழுக்க எதிர்காற்றில் தனியாக மிதித்தேன்.

பின்னால் வந்த பந்தய வேனின் டிரைவர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "வண்டில ஏறிக்கம்மா. அல்லாரும் முடிச்சிட்டாங்க."

"நான் இன்னும் முடிக்கலண்ணே."

முடித்தேன், கடைசி ஆளாக.

வீட்டுக்கு வந்ததும் கணவர் யூசுப், "இன்னா, காத்து ஜாஸ்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், "காத்து இல்ல, பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். நான் அந்த டர்னிங்கிலதான நின்னுகினு இருந்தேன். நாளைக்குக் காலைல போலாம் வா. வண்டி வந்தா நான் குரல் குடுக்கறேன், நீ திரும்பிக்கினே இரு."

ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். பயமில்லாமல் திரும்பும் வரை வீட்டுக்கு வரப்போவதில்லை.