நிக்கல் இல்லாத வளையல்

செண்டாய், ஜப்பான்
12.4.1984

அன்புள்ள நவமணிக்கு,

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உறைக்குள் ஒரு கம்பி இருக்கும். குப்பையென்று வீசிவிடாதே. டைட்டானியமும் நிக்கலும் கலந்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் உருக்கியது. வளையலாக வளைத்து உலையில் சுட்டேன். ஆறியபின் நேராக்கி அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் போடு. தன் பழைய உருவத்துக்குத் தானே திரும்பும்.

தாலி கட்டிய மாதமே விமானம் ஏறியவன் தரும் முதல் நகை. படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி ஈப்போவில் வீடு பார்ப்போம்.

உன்
உடையப்பன்

---

சுங்கை சிப்புட்
20.6.1984

அன்புள்ள மச்சானுக்கு,

கம்பி வெந்நீரில் பாம்பு மாதிரி சுருண்டது. அத்தை வாசல் வரைக்கும் ஓடிவிட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றே போட்டுக்கொண்டேன்.

ஆனால் ஒரு வாரத்தில் மணிக்கட்டில் கொப்புளம், பிறகு கழுத்திலும். "ஆத்தா முத்து போட்டுட்டா, யாரும் கிட்ட வராதீங்க" என்று அத்தை நிலைப்படியில் வேப்பிலை செருகிவிட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் தாளிப்பு இல்லை. எனக்குப் பால்வெட்டு வேலையும் இல்லை. இப்போது தேவலை.

மச்சான், என்னை அங்கே அழைத்துக்கொள்ள வழியில்லையா? விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அப்புறம் ரப்பர் மரம், வீடு திரும்பினால் அத்தையின் அடுப்பு. வாய்விட்டுப் பேச ஓர் ஆள் இல்லை.

உங்கள்
நவமணி

---

செண்டாய்
15.7.1984

அன்புள்ள நவமணிக்கு,

அது ஆத்தா இல்லை, நிக்கல். சிலர் உடம்புக்கு அது ஆகாது. உடனே கழற்றிவிடு.

பேராசிரியரிடம் உன் கையைப் பற்றிச் சொன்னேன். பல்லிலும் எலும்பிலும் வைக்கப்போகிற கம்பி, மனித உடம்புக்கு ஆகாமல் போனால் என்ன செய்வது என்று அவருக்கும் கவலையாம். நிக்கலே சேர்க்காமல், நியோபியம் என்ற உலோகத்தை வைத்து அதே வித்தையைச் செய்து பார் என்று என்னிடமே கொடுத்துவிட்டார். உன் கொப்புளத்தால் எனக்கு ஆய்வு கிடைத்தது!

விடுதியில் மனைவிக்கு இடமில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள். அம்மாவையும் தனியே விடமுடியாது.

உன்
உடையப்பன்

---

சுங்கை சிப்புட்
8.9.1985

அன்புள்ள மச்சானுக்கு,

ஆத்தா இந்த வருடமும் வந்து போனாள். தன் மருமகள்மேல் ஆத்தாளுக்குத் தனிப் பிரியம் என்று அத்தை லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

உங்கள் கடிதங்களில் உலையும் உலோகமும்தான் இருக்கின்றன. எனக்கு அதெல்லாம் புரியாது. ஒரு வரி எழுதினால் போதும். 'வா' என்று எழுதுங்கள், இல்லை 'வருகிறேன்' என்று எழுதுங்கள்.

உங்கள்
நவமணி

---

செண்டாய்
2.11.1986

அன்புள்ள நவமணிக்கு,

முடித்துவிட்டேன்! எத்தனையோ முறை உருக்கியது பாளம் பாளமாய் வெடித்துப்போயிற்று. கடைசியில் டைட்டானியத்தோடு நியோபியம், ஒரு சிட்டிகை ஈயம். நம் காம்பார்ப் பக்கம் தோண்டுகிற அதே வெள்ளீயம்தான். நிக்கல் துளியும் இல்லை. பழையதைப்போல முழுதாகத் திரும்பாது, ஆனால் திரும்பும்.

பேராசிரியர் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார். ஒப்புக்கொண்டேன். கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். புதுக் கம்பி உள்ளே இருக்கிறது. இனி உனக்கு அரிக்காது.

உன்
உடையப்பன்

---

சுங்கை சிப்புட்
10.1.1987

மச்சானுக்கு,

வெந்நீரில் போட்டேன். வட்டம் சேரவில்லை, ஆனாலும் கையில் நின்றது. மாதம் முழுக்கப் போட்டிருந்தேன். அரிப்பில்லை, கொப்புளமில்லை. ஒருநாள்கூடப் பெரட்டுக்குத் தப்பவில்லை.

பழைய வளையலை நீங்கள் சொன்ன அன்றே கழற்றினேன். பிறகு நானேதான் திரும்ப மாட்டிக்கொண்டேன். கொப்புளம் கண்டுவிட்டால் அத்தை என்னை ஏவுவதில்லை. எட்ட நின்று கைகூப்பி, "எளனி குடிக்கிறியா தாயே" என்று கேட்பார். வேலை ஏவும் மண்டோர் பெரட்டில் என் பெயரைக் கூப்பிடமாட்டார். வேப்பிலைமேல் எரிச்சலோடு படுத்திருப்பேன். இந்த வீட்டில் எனக்கு வாய்த்த ஓய்வு அவ்வளவுதான்.

அரிக்காத வளையல் நான் கேட்கவில்லையே. ஒரு வரி கேட்டேன்.

புதியதை நேராக்கி இந்த உறையில் வைத்திருக்கிறேன். உங்கள் பேராசிரியருக்குப் பயன்படும்.

பழையதை இன்று காலை மாட்டிக்கொண்டேன்.

நவமணி